ஒரே வானம்: விண்மீன் மண்டலங்களை எண்ணிய வரலாறு

விண்மீன்களைப் பாடாத கவிஞர் இலர். அவற்றை எண்ணியவரோ சிலர். எண்ணி முடித்தபின், "இந்த எண்ணிக்கையில் எவ்வளவு ஐயம் தங்கியிருக்கிறது?" என்று தம்மையே வினவிக்கொண்டவர் அவரினும் சிலர். அச்சிலருள் சென்னையோடு தொடர்புடையோர் இருவர் உளர். ஒருவர் உலகறிந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். மற்றவர் கணித அறிவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அல்லாடி இராமகிருஷ்ணன். பேரண்டத்தில் பொருள்கள் எவ்வாறு திரண்டு கிடக்கின்றன, அத்திரட்சியை எவ்வளவு உறுதியோடு அளக்க இயலும் என்னும் வினாவின் வரலாற்றில் இவ்விருவர்க்கும் உரிய இடம் தமிழில் அதிகம் பேசப்படவில்லை.

விளக்குகளும் இணைகளும்

முதலில் வினாவைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் என இருப்புப்பாதையை ஒட்டி ஊர்கள் அமைந்துள்ளன. இரவில் உயரத்திலிருந்து நோக்கும் ஒருவர்க்கு விளக்குகள் நிலப்பரப்பெங்கும் ஒரே சீராகத் தோன்றா. நிலையங்களைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகவும், ஏரிகளின்மேல் வெறுமையாகவும் தோன்றும். "ஒரு விளக்கைக் கண்டால், அதிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் மற்றொரு விளக்கு இருப்பதற்குரிய வாய்ப்பு, விளக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு தூவியிருந்தால் இருக்கும் வாய்ப்பைவிட எவ்வளவு மிகுதி?" இக்கேள்விக்குரிய விடையையே புள்ளியியலார் ஒட்டுறவுச் சார்பு என்பர். விளக்குகள் இருக்கும் இடத்தில் விண்மீன் மண்டலங்களை வைத்தால் அதுவே வானியலாரின் வினா. நம் பால்வீதியைப் போன்று பல்லாயிரங்கோடி விண்மீன்களைக் கொண்ட ஒவ்வொரு மண்டலமும் இங்கு ஒரு புள்ளி மட்டுமே.

இவ்வாய்ப்பு தொலைவு கூடக்கூடக் குறைந்து, ஏதோ ஓர் எல்லைக்கப்பால் மறைய வேண்டும். அங்ஙனம் மறைந்தால்தான் பேரண்டம் பெருமளவில் சமச்சீரானது என்னும் கொள்கை நிற்கும். அண்டத்தின் விரிவையும் அகவையையும் கணக்கிடும் சமன்பாடுகள் யாவும் அக்கொள்கையின்மேல் எழுப்பப்பட்டவை. ஆகவே, திரட்சியை அளப்பதில் நேரும் பிழை அடித்தளத்தையே தொடும் பிழையாகும்.

ஒளிப்படத் தகடுகளின் காலம்

எட்வின் ஹபிள் 1934இல் வானத்தின் 1283 சிறு பகுதிகளில் ஏறத்தாழ 44,000 மண்டலங்களை எண்ணி முடிவுகளை வெளியிட்டார். ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் எண்ணிக்கை வேறுபட்டது. அவ்வேறுபாடு வெறும் தற்செயலால் நேரக்கூடியதைவிட மிகுதியாக இருந்தது. எனினும் மிகப்பெரிய பரப்பை நோக்கினால் வானம் சீராகவே உள்ளது என்று ஹபிள் கருதினார்.

தற்செயலால் நேரும் வேறுபாடு எவ்வளவு என்பதற்கு எளிய விதி ஒன்றுண்டு. சராசரியாக 100 எதிர்பார்க்கப்படும் இடத்தில் எண்ணிக்கை 10 அளவு கூடவோ குறையவோ செய்யும். 400 எதிர்பார்க்கப்படும் இடத்தில் 20 அளவு மாறும். அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம். புள்ளிகள் ஒன்றையொன்று சாராமல் விழும்போது மட்டுமே இவ்விதி பொருந்தும்.

சாராத நிலை கெட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருமண வீடே சான்று. நானூறு விருந்தினர் தனித்தனியே வருவாராயின் வருகை இருபது பேர் அளவில் மாறலாம். சமையற்காரர் கவலையுறத் தேவையில்லை. அந்நானூறு பேரும் நாற்பது நாற்பது பேராகப் பத்து வண்டிகளில் வருவாராயின் நிலைமை வேறு. பத்தின் வர்க்கமூலம் மூன்றைச் சற்றே கடந்தது. மூன்று வண்டி கூடினாலும் குறைந்தாலும் நூற்றிருபது இலைகள் மாறிவிடும். எண்ணப்பட வேண்டியது ஆட்களின் தொகை அன்று, வண்டிகளின் தொகை. விண்மீன் மண்டலங்களும் அவ்வாறே கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஒரு இலட்சம் மண்டலங்களை எண்ணியவர் ஒரு இலட்சம் சாட்சிகளைக் கேட்டதாக எண்ணிவிடலாகாது. அவர் கேட்டது சில நூறு குடும்பங்களின் சாட்சியாகவே இருக்கக்கூடும்.

மாநிலக் கல்லூரியிலிருந்து யெர்க்ஸ் வரை

இலாகூரில் 1910இல் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சந்திரசேகர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வெண்குறுமீன்களின் எடைக்கு உச்சவரம்பு கண்டவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவர். 1983இல் நோபல் பரிசு பெற்றதையும் அறிவர். தற்செயலின் கணிதத்தில் அவர் கொண்ட ஈடுபாடு அவ்வளவாக அறியப்படவில்லை. இயற்பியலிலும் வானியலிலும் தற்செயல் நிகழ்வுகளைப் பற்றி 1943இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, பல துறையினரும் மீண்டும் மீண்டும் நாடிய பாடநூலாகவே ஆயிற்று.

பால்வீதியின் ஒளி இடத்துக்கிடம் ஏறி இறங்குகிறது. இடையிலுள்ள தூசுமேகங்கள் ஒளியை மறைப்பதே காரணம். ஒவ்வொரு மேகத்தையும் தனித்தனியே காண இயலாது. ஆனால் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டு மேகங்களின் தன்மையை உய்த்துணரலாம். இவ்வழியை முதலில் வகுத்தவர் ஆர்மீனிய வானியலார் அம்பார்ட்சுமியன். அதனை விரித்தெழுதியவர்கள் சந்திரசேகரும் கீடோ முன்ச்சும். 1950 முதல் 1952 வரை யெர்க்ஸ் வான்காணகத்திலிருந்து அவர்கள் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டனர். தனித்தனி மேகங்கள் என்னும் கருத்தை விடுத்து, இடத்துக்கிடம் தொடர்ச்சியாக ஏறியிறங்கும் அடர்த்திப் புலம் என்னும் கருத்தை இறுதிக் கட்டுரையில் கையாண்டனர்.

இக்கருத்து பால்வீதிக்குள் அடங்கி நிற்கவில்லை. நெல்சன் லிம்பர் 1953இல் அதே அடர்த்திப் புலத்தை விண்மீன் மண்டலங்களின் எண்ணிக்கைக்குப் பொருத்தினார். வானத்தில் தட்டையாகக் காணப்படும் திரட்சியிலிருந்து முப்பரிமாண வெளியிலுள்ள திரட்சியைக் கணக்கிடும் சமன்பாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கலிபோர்னியாவில் புள்ளியியலார் ஜெர்சி நேமனும் எலிசபெத் ஸ்காட்டும் 1952இல் வேறொரு வழியைத் தொடங்கினர். மண்டலங்கள் யாவும் கூட்டங்களின் உறுப்புகளே என்றும், கூட்டங்களின் நடுவிடங்கள் மட்டுமே தற்செயலாக அமைகின்றன என்றும் கொண்டு அவர்கள் கணித்தனர். திருமண வீட்டு வண்டிக் கணக்கின் நுண்ணிய வடிவம் இது.

ஏகாம்ர நிவாசத்தில் ஒரு கருத்தரங்கு

அதே காலத்தில் சென்னையில் இக்கணிதத்தில் ஈடுபட்டிருந்தவர் அல்லாடி இராமகிருஷ்ணன். இந்திய அரசியலமைப்பு வரைவுக்குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் மைந்தர், 1923இல் பிறந்தவர். ஹோமி பாபாவிடம் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆய்ந்து, பின்னர் மான்செஸ்டர் சென்று புள்ளியியலார் பார்ட்லெட்டிடம் முனைவர் பட்டம் பெற்றார்.

வளிமண்டலத்தின் உச்சியில் மோதும் ஒரு காஸ்மிக் துகள், மழைத்தாரை போலப் பல துகள்களாகப் பெருகி இறங்குகிறது. எத்தனை துகள்கள் இறங்கும் என்று சராசரி சொல்வது எளிது. அச்சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்று சொல்வதே கடினம். ஒரு துகளிலிருந்து பிறந்தவை ஒன்றையொன்று சார்ந்தவை. ஆதலின் வர்க்கமூல விதி இங்கும் தோற்றது. இதற்கென 1950இல் அவர் வகுத்த கருவியே பெருக்கல் அடர்த்தி எனப்படும் புராடக்ட் டென்சிட்டி. ஓரிடத்தில் ஒரு புள்ளியும் வேறோரிடத்தில் மற்றொரு புள்ளியும் ஒருங்கே இருப்பதற்குரிய நிகழ்தகவை அது அளக்கிறது. மூன்று புள்ளிகள், நான்கு புள்ளிகள் என்று அதனை விரித்துக்கொண்டே செல்லலாம். பாபாவும் அதே ஆண்டில் தனித்து இதனையொத்த வழியொன்றைக் கண்டார்.

விளக்குகளின் இணையைப் பற்றி மேலே எழுப்பிய வினாவும் இக்கருவியும் ஒரே உருவின. துகள்களுக்கென வகுத்த கணிதத்தை இராமகிருஷ்ணன் வானத்தை நோக்கித் திருப்பினார். ஏறியிறங்கும் அடர்த்திப் புலத்தைப் பற்றி 1954இல் அமெரிக்காவின் அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னலில் அவருடைய கட்டுரைகள் வெளியாயின. சந்திரசேகரும் முன்ச்சும் எடுத்துக்கொண்ட பால்வீதிச் சிக்கலையே தம் மாணவர் எஸ்.கே. சீனிவாசனோடு சேர்ந்து மேலும் ஆய்ந்தார்.

மயிலாப்பூரிலிருந்த ஏகாம்ர நிவாஸ் என்னும் தம் இல்லத்திலேயே 1959 முதல் அவர் நடத்திய கருத்தரங்கும் நினைவுகூரத் தக்கது. பல்கலைக்கழகக் கட்டடமோ பெரும்பொருளோ இன்றி, இளைஞர் சிலர் கூடிப் புதிய கட்டுரைகளைப் படித்து விவாதித்தனர். 1960இல் சென்னை வந்த நீல்ஸ் போர் அவ்வில்லத்திற்கு வந்து அவ்விளைஞர்களைக் கண்டார். கல்வியமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியத்தின் முயற்சியால் பிரதமர் நேருவின் கவனமும் கிட்டியது. 1962 சனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. அதன் தொடக்க நிகழ்வில் சந்திரசேகரும் பங்குகொண்டார். 1983 வரை இராமகிருஷ்ணன் அதன் இயக்குநராக இருந்தார்; 2008இல் மறைந்தார். ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கிய கூட்டம் நிலைத்த நிறுவனமாக வளர்ந்ததை இலக்கிய வட்டத்தார் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு எளிதில் உணர்வர்.

கண் காணும் கோலங்கள்

லிக் வான்காணகத்தில் ஷேனும் விர்ட்டனனும் ஒளிப்படத் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பல ஆண்டுகள் கண்ணாலேயே மண்டலங்களை எண்ணினர். 1967இல் நிறைவுற்ற அப்பட்டியலில் ஏறத்தாழ எட்டு இலட்சம் எண்ணிக்கைகள் இருந்தன. அதனை அடிப்படையாகக் கொண்டு ஜப்பானியரான தோட்சுஜியும் கிஹாராவும் 1969இல் திரட்சியின் விதியொன்றைக் கண்டனர். தொலைவு இரட்டித்தால் கூடுதல் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு குறைகிறது என்பதே அவ்விதி. பிரின்ஸ்டன் பேராசிரியர் பீபிள்ஸும் அவர்தம் குழுவினரும் எழுபதுகளில் அதனை உறுதிசெய்தனர்.

1977இல் அக்குழுவினர் லிக் எண்ணிக்கைகளை ஒரே படமாக வரைந்தபோது, வானமெங்கும் இழைகள் பின்னியது போன்ற தோற்றம் வெளிப்பட்டது. அவ்விழைகள் வானத்தில் உள்ளவையா, நம் கண்ணில் உள்ளவையா என்ற வழக்கு எழுந்தது. தரையில் சிதறிய கடுகிலும் மனிதக் கண் கோலங்களைக் கண்டுவிடும். 1984இல் மார்கரெட் கெல்லரும் உடன் ஆய்வாளரும் வேறொரு குறையைச் சுட்டினர். ஒரு தகட்டில் மங்கலான மண்டலத்தையும் எண்ணிய கண், மற்றொரு தகட்டில் அதனை விட்டுவிட்டிருக்கக்கூடும். தகட்டுக்குத் தகடு நேர்ந்த அவ்வேறுபாடே பெருந்திரட்சி போலத் தோற்றமளிக்கலாம் என்றனர். பீபிள்ஸ் தரப்பினர் மறுமொழி கூறினர்.

இரண்டாண்டுகளுக்குப் பின் கெல்லரும் லப்பராவும் ஹுக்ராவும் வேறொரு சான்றோடு வந்தனர். ஏறத்தாழ 1100 மண்டலங்களின் செம்பெயர்ச்சியை அளந்து, தொலைவையும் சேர்த்து, வானத்தின் ஒரு துண்டை முப்பரிமாணத்தில் வரைந்தனர். இழைகளும் நுரைக்குமிழிகள் போன்ற வெற்றிடங்களும் ஐயமின்றி வெளிப்பட்டன. எனினும் அவ்வெற்றி புதிய ஐயத்தையும் உடன் கொணர்ந்தது. கண்ட அமைப்புகள் அளந்த துண்டின் அளவுக்கே பெரியனவாக இருந்தன. செங்கற்பட்டு மாவட்டத்தின் ஏரிகளை மட்டும் எண்ணி, உலகெங்கும் இவ்வளவு ஏரிகள் உண்டு என்று முடிவு கட்டுவது போன்றதாகும் அத்துண்டை மட்டும் நம்புவது.

ஒரே வானம்

இங்குப் பிழையின் இரு வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். தகட்டின் குறை, கண்ணின் குறை, கருவியின் குறை ஆகியன முதல் வகை. இவற்றை உழைப்பால் குறைக்கலாம். 1993இல் ஸ்டீபன் லேண்டியும் அலெக்சாண்டர் சாலேயும் கூறிய வழி அத்தகையது. உண்மை வானத்தோடு, அதே எல்லைகளுக்குள் தற்செயலாகத் தூவிய பொய் வானமொன்றையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் உள்ள இணைகளையும், உண்மைப் புள்ளிக்கும் பொய்ப் புள்ளிக்கும் இடையிலான இணைகளையும் சேர்த்து ஒப்பிடுவது அவர்தம் முறை. ஓரங்களால் நேரும் பிழை அதனால் பெரிதும் அடங்கிற்று.

இரண்டாம் வகை உழைப்பாலும் முற்றும் தீராதது. நமக்குக் காட்சியளிப்பது ஒரே வானம். அதே விதிகளின்படி வேறு ஆயிரம் வானங்கள் பிறந்திருந்தால் அவை எவ்வாறிருக்கும் என்று காண வழியில்லை. 1992இல் கோபே செயற்கைக்கோள், தொடக்ககால வெப்பத்தின் எச்சக் கதிரில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைக் கண்டது. அவற்றுள் வானளாவிய மிகப்பெரிய கோலத்தைக் குறிக்க வெறும் ஐந்து எண்களே உண்டு. எத்துணைச் சிறந்த கருவி கொண்டு அளந்தாலும் அவ்வைந்து ஆறாகாது. ஐந்து பேரைக் கண்டு ஊரின் இயல்பைச் சொல்வோர்க்கு நேரும் ஐயம் இங்கும் நீங்காது. இதனைப் பேரண்ட மாறுபாடு என்பர்.

தமிழ் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. சங்க நூல்கள் என இன்று நம் கையிலிருப்பவை 473 புலவர் பாடிய 2381 பாடல்கள் என்று கணக்கிடுவர். பல சுவடிகளை ஒப்புநோக்கி ஏடெழுதினோர் பிழைகளைக் களையலாம். உ.வே. சாமிநாத அய்யர் வாழ்நாள் முழுதும் செய்தது அத்தொண்டே. ஆயினும் பாடப்பட்டுத் தொகையில் சேராமற் போனவற்றை எவ்வளவு ஒப்புநோக்கியும் மீட்க இயலாது. கிடைத்த தொகையிலிருந்து அக்காலக் கவிதையின் முழு இயல்பைச் சொல்லப் புகுவோர் இரண்டாம் வகை ஐயத்தின்முன் நிற்கின்றனர். அதனால் தொகையின் மதிப்புக் குறைவதில்லை; சொல்பவரின் பொறுப்பே மிகுகிறது.

வானியலார் இப்பொறுப்பை ஒரு வகையில் நிறைவேற்றுகின்றனர். கணிப்பொறியில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மாதிரி அண்டங்களைப் படைத்து, ஒவ்வொன்றையும் உண்மை வானத்தை அளப்பது போலவே அளந்து, விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கின்றனர். அவ்விலகலே அவர்கள் அறிவிக்கும் பிழையளவு.

சரஸ்வதியும் சமச்சீரும்

இப்பிழையளவு எத்தகைய முடிவுகளைத் தாங்கி நிற்கிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் சில கூறலாம். 2005இல் ஸ்லோன் ஆய்வுக் குழுவினர் 46,748 செம்மண்டலங்களை ஆய்ந்து, ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இணைகள் சற்றே கூடுதலாக இருப்பதைக் கண்டனர். அண்டம் வெம்மையாயிருந்த தொடக்கக் காலத்தில் பரவிய ஒலியலையின் சுவடு அது. அக்கண்டுபிடிப்பின் உறுதி 3.4 திட்ட விலக்கம். அதாவது தற்செயலாக அத்தோற்றம் அமைய ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அவ்வெண்ணைச் சொல்லாதிருந்தால் அது வெறும் மேடு. சொன்னதனால் அண்டத்தை அளக்கும் அளவுகோலாயிற்று.

இந்தியரின் பங்கும் குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் ஜஸ்வந்த் யாதவ், சோம்நாத் பரத்வாஜ், பிஸ்வஜித் பாண்டே, டி.ஆர். சேஷாத்ரி ஆகியோர் ஸ்லோன் தரவுகளைக் கொண்டு, ஏறத்தாழ 30 கோடி ஒளியாண்டுக்கு மேற்பட்ட அளவில் பரவல் சமச்சீர் நிலையை எய்துகிறது என்று கண்டனர். யாதவும் பக்லாவும் காண்டாயும் 2010இல் சமச்சீருக்கே புதியதோர் இலக்கணம் வகுத்தனர். திரட்சியால் நேரும் விலகல், அளவையின் புள்ளியியல் ஐயத்திற்குள் மறையுமிடமே சமச்சீரின் தொடக்கம் என்பது அவர்கள் கூற்று. அவ்வெல்லை ஏறத்தாழ 120 கோடி ஒளியாண்டைத் தாண்டாது என்றும் கணித்தனர். பிழையே இங்கு இலக்கணத்தின் உறுப்பாயிற்று.

2017இல் ஜொய்தீப் பாக்சியின் தலைமையில் புனே ஆய்வாளர் குழுவொன்று 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் மாபெரும் திரளொன்றைக் கண்டு, அதற்குச் சரஸ்வதி எனப் பெயரிட்டது. அதன் நீட்சி ஏறத்தாழ 60 கோடி ஒளியாண்டு. வானத்தின் ஒடுக்கமான ஒரு பட்டையில் அது அகப்பட்டது. அத்தகைய திரள்கள் எவ்வளவு அரியவை, ஒன்றைக் கண்டதனால் எத்தனை உண்டென எதிர்பார்க்கலாம் என்ற வினாக்கள் உடனே எழுந்தன. ஒன்றை எண்ணியவரின் வர்க்கமூலமும் ஒன்றே. சான்றும் ஐயமும் அங்கு ஒரே அளவின.

அரிசோனாவில் இயங்கும் டெசி ஆய்வுக் குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவு இன்னும் பெரியதொரு வழக்கைத் தொடங்கிவைத்துள்ளது. ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மண்டலங்களையும் குவாசர்களையும் அளந்து, பிற சான்றுகளோடு சேர்த்து நோக்கியபோது, அண்டத்தின் விரிவை விரைவுபடுத்தும் இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறி வரக்கூடும் என்ற குறிப்புக் கிடைத்தது. அதன் உறுதி, சேர்த்துக்கொள்ளும் சான்றுகளுக்கேற்ப 2.8 முதல் 4.2 திட்ட விலக்கம் வரை. இயற்பியலார் கண்டுபிடிப்பென ஏற்கும் மரபெல்லை 5. ஐன்ஸ்டைன் காலந்தொட்டு மாறிலியாகக் கருதப்பட்ட ஒன்று மாறுமா மாறாதா என்பது, அவ்வெண் மேலும் ஏறுவதையோ இறங்குவதையோ பொறுத்திருக்கிறது.

ஹபிளின் நாற்பத்து நாலாயிரத்திலிருந்து டெசியின் ஒன்றரைக் கோடியை நெருங்கும் எண்ணிக்கை வரை தொண்ணூறு ஆண்டுகள் கடந்துள்ளன. இவ்வளவு காலத்தில் எண்ணிக்கை முந்நூறு மடங்கு பெருகியது; ஐயம் ஒழியவில்லை. ஆனால் அதன் உருவம் தெளிவாயிற்று. எவ்வளவு அறிவோம் என்பதோடு எவ்வளவு உறுதியாக அறிவோம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் மரபு நிலைத்தது. யெர்க்ஸில் சந்திரசேகரும் மயிலாப்பூர் இல்லத்துக் கருத்தரங்கின் தலைவரும் தம் காலத்தில் உழைத்தது அம்மரபுக்காகவே. சராசரியைச் சொல்லி அமைதியுறாமல், சராசரியிலிருந்து விலகுவதன் அளவையும் கேட்டவர்கள் அவர்கள். உவமைகளால் வானத்தை அளக்கும் கவிஞர்க்கு அக்கேள்வி அயலானதன்று. சொல்லின் எல்லையை அறிந்து சொல்லும்போது சொல்லுக்கு வலிமை கூடுவதை அவர்கள் முன்பே அறிவர்.